ஆசிரியராய்ப் பிறந்த நூலகர்: சீ. இரா. அரங்கநாதன்

நூலகம் என்றதும் அடுக்கடுக்கான அலமாரிகளும் அவற்றுள் உறங்கும் நூல்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அந்நூல்களுக்கும் அவற்றைத் தேடி வரும் மாணவர்க்கும் இடையே நிற்கும் மனிதர் நினைவுக்கு வருவதில்லை. நூல்கள் உள்ளன, மாணவரும் உள்ளனர். இவ்விரு திறத்தையும் சேர்த்துவைப்பார் இல்லையெனில் நூல் வெறும் தாள்கட்டாகவே கிடக்கும். மாணவர் அறிவும் பாடநூலின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். எளியதாகத் தோன்றும் இவ்வுண்மையை ஒரு துறையாக வளர்த்தெடுத்து, உலகம் ஏற்கும் வகையில் வகுத்துத் தந்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணி தொடங்கி, விருப்பமின்றியே நூலகராகி, பின்னர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெற்ற சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனே அவர்.

நூலகத் துறையினர் அவரை நூற்பகுப்பு முறை கண்ட பேரறிஞராக அறிவர். பொது நூலகச் சட்டத்துக்கு வித்திட்டவர் என்று வரலாறு அவரைக் குறிக்கின்றது. இவ்விரு பெருமைகளுக்கும் அடியில் மறைந்து கிடப்பது அவருடைய ஆசிரிய உள்ளம். மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையினர். அவரவர்க்குரிய நூல் அவரவர் கைக்குச் சேர்ந்தாலன்றிக் கல்வி முழுமையுறாது என்னும் எண்ணமே அவருடைய வாழ்நாட் பணிகள் அனைத்தையும் இயக்கியது எனலாம்.

பிறப்பும் கல்வியும்

திருஞானசம்பந்தர் தோன்றிய சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம் சிறு நிலவுடைமையாளர். இராமாயணத்தைப் பிறர் கேட்கப் படித்து விளக்கும் வழக்கமுடையவர். தாயார் சீதாலட்சுமி. அரங்கநாதனுக்கு ஆறு வயது நிரம்பும் காலத்திலேயே தந்தையார் மறைந்தார். நூல் என்பது ஒருவர் எடுத்துச் சொல்லப் பலர் கூடிக் கேட்டு மகிழும் பொருள் என்னும் முதற்பாடத்தை, தந்தையின் குரல் வழியாகவே அப்பிள்ளை பெற்றிருக்க வேண்டும்.

சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அக்காலத்தில் சென்னை நகரின் நடுவே, ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கி வந்தது. 1937இல்தான் அது செங்கற்பட்டு மண்ணிலுள்ள தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பேச்சில் திக்கும் குறை அவருக்கு இளமையில் இருந்தது. வகுப்பறையில் பேசியே வாழவேண்டிய ஆசிரியத் தொழிலை விரும்பிய ஒருவர்க்கு இது சிறிய தடையன்று. இடைவிடாத பயிற்சியினால் அவர் அதனை வென்றார்.

அக்கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கிய எட்வர்ட் ராஸ் அவருடைய வாழ்வின் திருப்புமுனைகளில் எல்லாம் உடனிருந்தவர். மாணவராய் இருந்த காலத்தில் தொடங்கிய அத்தொடர்பு, படிப்பு முடிந்த பின்னும் அறுபடவில்லை. ஓர் ஆசிரியர் தம் மாணவனின் உள்ளத்தை அறிந்து, அவனுக்கு வேண்டியதை வேண்டும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பது எத்துணைப் பெரிய செயல் என்பதை அரங்கநாதன் ராஸிடம் நேரிற் கண்டார். பிற்காலத்தில் நூலகர்க்கு அவர் வகுத்த இலக்கணம் அந்த ஆசிரியரின் சாயலையே பெற்றிருந்தது.

ஆசிரியப் பணி

முதுகலைப் பட்டத்துக்குப் பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்று ஆசிரியப் பயிற்சி முடித்தார். சைதாப்பேட்டை அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆகவே அவருடைய ஆசிரிய வாழ்வுக்கான பயிற்சிக்களம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியிலும், பின்னர்க் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் கணிதம் கற்பித்தார்.

வகுப்பில் நின்று ஒரே உரையை அனைவர்க்கும் நிகழ்த்துவதில் அவருக்கு மனநிறைவு இல்லை. ஒரு வகுப்பில் ஐம்பது மாணவர் இருப்பின் ஐம்பது வேகங்கள் உண்டு. சிலர் ஆசிரியருக்கு முன்னே ஓடுவர்; சிலர் பின்தங்கித் திகைப்பர். உரையின் வேகமோ ஒன்றே. மாணவர் தாமே நூல்களைப் புரட்டி, தம் வேகத்தில் தேடிக் கண்டு, ஐயம் தோன்றும் இடத்தில் ஆசிரியரை அணுகுவதே உண்மைக் கல்வி என்று அவர் கருதினார். இக்கருத்தை வாழ்நாள் இறுதி வரையில் அவர் கைவிடவில்லை. ஆசிரியர் நலனிலும் கல்வி முறைகளிலும் அக்கறை கொண்டு, சென்னை ஆசிரியர் கழகத்தின் கணித அறிவியற் பிரிவிலும் செயலாளராகப் பணியாற்றினார்.

விருப்பமில்லா வேலை

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு நூலகரை அமர்த்த முடிவு செய்தது. ஏறத்தாழ 900 விண்ணப்பங்கள் வந்தன. நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் ஒருவரும் இலர். நண்பர்களின் வற்புறுத்தலால் அரங்கநாதனும் விண்ணப்பித்திருந்தார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது தாம் விண்ணப்பித்ததையே அவர் மறந்துபோயிருந்தார். நூலகப் பணியைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள்கள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையளவே. கணித ஆய்வில் அவருக்கிருந்த தகுதி கருதி அப்பதவி அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவர் மனம் வெறுத்தது. காலை முதல் மாலை வரை மாணவர் முகங்களைக் கண்டு பழகியவர்க்கு, ஆள் நடமாட்டமற்ற நூற்குவியலின் நடுவே அமர்ந்திருப்பது சிறைவாசமாகத் தோன்றியது. மீண்டும் கணித வகுப்புக்கே அனுப்புமாறு பல்கலைக்கழகத்தாரை வேண்டினார். அவர்களோ ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும்; அதன் பின்னும் விருப்பமில்லையெனில் பழைய வேலைக்கே திரும்பலாம் என்பது அவ்வுடன்பாடு. அந்த வேலையில் மாணவரைக் காண முடியவில்லை என்பதே அவருடைய வருத்தத்தின் வேர். மாணவர் வராத நூலகம் நூலகமே அன்று என்னும் தெளிவு அந்த வெறுப்பிலிருந்தே பிறந்தது எனின் மிகையாகாது.

இங்கிலாந்தில் பெற்ற தெளிவு

1924 செப்டம்பரில் கப்பலேறிய அரங்கநாதன், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். சேயர்ஸ், குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். அவருடைய வழிகாட்டுதலால் அரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கு அவர் கண்ட காட்சி அவரை முற்றிலும் மாற்றியது. பள்ளிச் சிறுவர், தொழிலாளர், இல்லத்தரசியர் என எல்லாத் தரத்தினரும் நூலகங்களைத் தம் வீடு போல் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். நூலகப் பணியாளர் வருவோரை வரவேற்று, வேண்டியதைக் கேட்டறிந்து, அலமாரிவரை உடன் சென்று உதவினர். வகுப்பறையில் ஆசிரியர் ஐம்பது மாணவர்க்குச் செய்ய இயலாததை, இங்கே ஒருவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே செய்துகொண்டிருந்தார். தாம் ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டு வரவில்லை, அதன் விரிந்த பரப்பினுள்ளே நுழைந்திருக்கிறோம் என்று அரங்கநாதன் உணர்ந்தார். 1925இல் தாயகம் திரும்பிய அவர் கணித வகுப்புக்குத் திரும்ப விழையவில்லை.

இங்கிலாந்து நூலகங்களின் குறையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் முறை பெரும்பாலும் செறிவற்றிருந்தது. புதிய அறிவுத்துறை ஒன்று தோன்றினால் அதற்கு இடங்கொடுக்க அம்முறைகள் தடுமாறின. இலண்டன் கடையொன்றில் சிறுவர்க்கான மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை ஒருநாள் கண்டார். சில வகைத் தகடுகளையும் திருகுகளையும் வெவ்வேறாகப் பூட்டி எண்ணற்ற உருவங்களைச் செய்ய முடிந்தது. நூலின் பொருளையும் அவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அவ்விளையாட்டுப் பொருளிலிருந்து முளைத்ததாகும். பின்னாளில் அவர் அடிப்படைக் கூறுகளை ஐந்தாக வரையறுத்தபோது, இறுதி இரண்டாக நின்றவை இடமும் காலமும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய மரபில் பயின்றவர்க்கு இவ்வொற்றுமை வியப்பும் மகிழ்வும் தருவதாகும்.

சென்னையில் செய்த மாற்றங்கள்

சென்னைக்குத் திரும்பியதும், பூட்டிய அலமாரிகளிலிருந்து நூல்களை விடுவிக்கும் பணியில் அவர் இறங்கினார். படிப்பவர் தாமே உட்சென்று, நூலைத் தொட்டு எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையைக் கொணர்ந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். விடுமுறை நாள்களிலும் திறந்துவைத்தார். இன்ன நூல் எங்குளது, இன்ன பொருள்பற்றி எவை படிக்கத்தக்கன என்று எடுத்துக் காட்டும் உசாத்துணைப் பணிக்கெனத் தனிப் பணியாளரை அமர்த்தினார். எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்த பல்கலைக்கழக நூலகம், 1936இல் கடற்கரைச் சாலையில் தனக்கெனக் கட்டப்பெற்ற கட்டடத்தை அடைந்தது. அதன் அமைப்பில் அரங்கநாதனின் எண்ணங்கள் பதிந்தன. இருபதாண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும், விடுப்பின்றி அவர் உழைத்ததாகக் கூறுவர்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக அரங்கநாதன் பதினேழு ஆண்டுகள் தொண்டாற்றினார். அடுத்த ஆண்டே அச்சங்கம் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது; அதனைப் பின்னர்ப் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. நூலகப் பணி, நூலைக் கொடுத்து வாங்கும் எழுத்தர் வேலையன்று; பயின்று பெறவேண்டிய கலை என்பதை நிலைநாட்டிய செயல் அது.

ஐந்து விதிகள்

பகுப்பு, பட்டியல், அடுக்குமுறை, பணியாளர் அமைப்பு எனப் பலவாகக் கிடந்த நூலக நடைமுறைகளுக்கு அடிப்படையாக நிற்கும் சில உண்மைகள் இருக்க வேண்டும் என்று கணித அறிஞராகிய அவர் எண்ணினார். நெடுநாள் முயன்றும் அவற்றின் வடிவம் பிடிபடவில்லை. 1928இல் ஒருநாள் மாலை, அவருடைய பழைய ஆசிரியர் ராஸ் நூலகத்துக்கு வந்தார். மாணவரின் தவிப்பைக் கேட்டறிந்து, நூல் பயன்பாட்டுக்கு உரியது என்னும் பொருளமைந்த சிறு தொடரை முதல் விதியாகச் சொல்லிவிட்டுச் சென்றார். முதல் விதி கிடைத்ததும் ஏனைய நான்கும் தாமே தொடர்ந்தன. அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வியாளர் முன்னிலையில் அவர் அவ்விதிகளை விளக்கினார். அவை 1931இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. முதல் மனைவியார் ருக்மிணி விபத்தொன்றில் மறைந்ததும் 1928இல்தான். துயர் சூழ்ந்த ஆண்டிலேயே அவர் தம் வாழ்வின் தலைசிறந்த சிந்தனைக்கு வடிவம் தந்தார். அடுத்த ஆண்டு சாரதா அவர்களை மணந்தார். அவ்வம்மையார் இறுதி வரை அவர் பணிக்குத் துணை நின்றார்.

அவ்விதிகளை ஒரு பள்ளியில் வைத்துப் பார்த்தால் அவற்றின் ஆழம் விளங்கும். நூல் பயன்பாட்டுக்கு உரியது என்பது முதலாவது. வகுப்பு நடக்கும்போது மட்டும் திறந்து, வகுப்பு முடிந்ததும் பூட்டப்படும் பள்ளி நூலகம் யார் பயன்பாட்டுக்கு? நூல் தொலைந்தால் தம் ஊதியத்தில் பிடித்தம் செய்வார்களே என்று அஞ்சும் பொறுப்பாளர், நூலைக் காப்பதையே தம் கடமையாகக் கொள்கிறார். அவ்வச்சம் நீங்கினாலன்றி முதல் விதி அப்பள்ளியில் உயிர்பெறாது.

படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் என்பது இரண்டாவது. கற்கும் வேகம் குறைந்த பிள்ளைக்கும், கண்பார்வை குன்றிய பிள்ளைக்கும், வீட்டில் ஒரு நூலும் இல்லாத பிள்ளைக்கும் உரிய நூல் அங்கே இருக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. அலமாரியில் ஒரு நூல் தீண்டப்படாமல் கிடக்குமாயின் பிழை நூலினுடையதன்று. அதனை உரியவரிடம் சேர்க்காதவரின் பிழை. வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. அரை மணி நேர நூலகப் பாடவேளையில் இருபது நிமிடம் பதிவேட்டில் கையொப்பமிடுவதிலேயே கழிந்தால் படிப்பது எப்போது? நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. பழைய பாடத்திட்ட உரைகளை மட்டும் சுமந்து நிற்கும் அறை வளர்ச்சி நின்ற உடலாகிவிடுகிறது.

இவ்வைந்து விதிகளில் எதுவும் தானே நிறைவேறுவதில்லை. ஒவ்வொன்றையும் நிறைவேற்ற ஒரு மனிதர் வேண்டும். பள்ளிக்கு அம்மனிதர் எத்துணை இன்றியமையாதவர் என்பதை உணர்ந்தே, பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942இல் அவர் தனியொரு நூல் எழுதினார். அவர் கருத்தில் பள்ளி நூலகம் ஓய்வு நேரத்துக்கான அணிகலன் அன்று, கற்பித்தலின் பட்டறை. ஆசிரியர் வகுப்பில் ஆர்வத்தை எழுப்ப வேண்டும். எழுந்த ஆர்வம் தணியுமுன் அதனை நூலகர் நூலோடு இணைக்க வேண்டும். இருவரும் இணைந்து செய்யும் பணியே கல்வி.

வண்டியில் சென்ற நூலகம்

பள்ளிக்கே செல்லாத மக்களையும் அவர் மறக்கவில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர் அதற்கு உறுதுணையாக நின்றார். நூல்களை ஏற்றிய வண்டி சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சென்று, ஊர் மக்களுக்கு நூல் கொடுத்து, மறுமுறை வரும்போது திரும்பப் பெற்றது. சாலை வசதியும் எழுத்தறிவும் குறைந்திருந்த காலத்தில், வாசகர் வரட்டும் என்று காத்திராமல் வாசகரைத் தேடிச் சென்ற முயற்சி அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு நூலைப் படித்துக் காட்டுவதும் நூலகப் பணியே என்று அவர் கொண்டார். சீர்காழியில் இராமாயணம் படித்துக் காட்டிய தந்தையின் நிழலை இங்கே காணலாம்.

சட்டமும் அதன் எல்லையும்

மனமுவந்து தரும் நன்கொடையால் மட்டும் நூலகங்கள் நிலைபெறா என்று அவர் அறிந்திருந்தார். 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவு ஒன்றை முன்வைத்தார். அவ்விதை முளைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியோடு சேர்த்து நூலகவரி தண்டப்பெற்று, ஊர்தோறும் நூலகம் காண வழி பிறந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கிளை நூலகத்தின் மரப்பலகையில் அமர்ந்து முதல் நாவலைப் படித்த எழுத்தாளர் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாரும் அச்சட்டத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் அது பொது நூலகங்களுக்கான சட்டம். பள்ளி நூலகங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஊருக்கு நூலகர் கிடைத்தார், பள்ளிக்குக் கிடைக்கவில்லை. அரங்கநாதனின் கனவில் பாதி சட்டமாயிற்று. மறுபாதி அவருடைய நூல்களிலேயே தங்கிவிட்டது.

பிற்காலப் பணிகள்

1945இல் சென்னைப் பதவியினின்று விலகிய அவரைக் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே அமர்ந்து பகுத்தார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ச் சிலகாலம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலும், உச்சயினி விக்ரம் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்து, இறுதியாகப் பெங்களூரில் குடியமர்ந்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணமாக்க ஆய்வு பயிற்சி நடுவத்தைப் பெங்களூரில் நிறுவினார். 1965இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது. எளிய வாழ்வு நடத்திச் சேர்த்த பொருளிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கி, நூலகவியலுக்குத் தம் துணைவியார் பெயரையும் இணைத்து ஓர் இருக்கை அமையச் செய்தார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. பள்ளி நூலகத்தைப் பற்றிய தம் அரைநூற்றாண்டு அனுபவத்தை அவர் திரட்டித் தந்த நூல், அவர் மறைந்தபின் 1973இல் வெளிவந்தது. அவர் சிந்தனை இறுதியாகச் சென்று தங்கிய இடங்களுள் ஒன்று பள்ளிப் பிள்ளையின் வாசிப்பு மேசை.

இரு மாணவர்

அரங்கநாதன் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் நூலகவியலைச் சாராத ஒன்று, கணிதமேதை இராமானுசனைப் பற்றி 1967இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு. அதனை எழுதத் தம் எழுபத்தைந்தாம் அகவையில் அவர் முனைந்தது தற்செயலாகாது. அரங்கநாதனுக்கு ஐந்தாண்டு மூத்தவர் இராமானுசன். இருவரும் காவிரி நாட்டில் வளர்ந்தவர். இருவரும் கணிதத்தில் உள்ளம் பறிகொடுத்தவர்.

கும்பகோணத்தில் பள்ளி மாணவராய் இருந்த இராமானுசன் கையில், 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்தினின்று இரவலாக வந்த நூல் அது. ஏறத்தாழ 5,000 தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவலின்றி, அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய சிறுவன் உலகம் வியக்கும் கணிதராக வளர்ந்தார். ஒரு நூலகத்தின் ஒரே நூல் ஒரு மாணவனை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

அக்கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கணிதத்தில் மூழ்கிய அம்மாணவர் ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். இடைநிலைத் தேர்வில் மீண்டும் தோற்றார். பட்டமும் வேலையுமின்றிப் பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். நூல் அவரை வந்தடைந்தது. அந்நூலுக்கு அப்பால் அடுத்து எதைப் படிப்பது, புதிய கணிதம் எங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது, தேர்வையும் ஆர்வத்தையும் எவ்வாறு ஒருங்கே நடத்திச் செல்வது என்று எடுத்துக் காட்டுவார் அருகில் இல்லை. பிறர் முன்பே கண்ட உண்மைகள் சிலவற்றைத் தாமே மீண்டும் கண்டுபிடிப்பதில் அவருடைய இளமையின் ஒரு பகுதி கழிந்தது. அரங்கநாதனுக்கோ ராஸ் வாய்த்தார், சேயர்ஸ் வாய்த்தார். மேதைமையில் இருவரையும் ஒப்பிடுதல் முறையன்று. நூல் மட்டும் கிடைத்தவர்க்கும், நூலோடு துணையும் கிடைத்தவர்க்கும் வாழ்க்கைப் பாதையில் நேர்ந்த வேறுபாடு நம் சிந்தனைக்கு உரியது.

இன்றைய நிலை

1993இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. நூலிருப்பும் நூலகப் பணியாளரும் மிகுந்த பள்ளிகளின் மாணவர், வாசிப்புத் தேர்வுகளில் சிறந்து விளங்கினர் என அது கண்டது. ஊரின் வறுமை, பெற்றோர் கல்வி முதலியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னும் அத்தொடர்பு மறையவில்லை. அத்தகைய ஆய்வுகள் உடன்நிகழ்வைக் காட்டுவனவேயன்றி, காரணத்தை ஐயமற நிறுவுவன அல்ல என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். ஆயினும் அரங்கநாதன் வகுப்பறையில் கண்டு உணர்ந்ததும், எழுபதாண்டுகளுக்குப் பின் வேற்று நாட்டார் எண்ணிக்கையால் அளந்து கண்டதும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

நம் நாட்டில் 2009இல் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் நூலகம் வேண்டும் என்றும், அதில் நாளிதழ், பருவ இதழ், கதைநூல் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. அச்சட்டத்தின் அட்டவணையில் தலைமையாசிரியர் உண்டு, ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு, நூலகர் இல்லை. நூலுக்கு இடம் தந்த சட்டம் நூலைக் கொடுப்பவர்க்கு இடம் தரவில்லை. விளைவாக, பாட வேளைகளாலும் பதிவேடுகளாலும் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் ஓர் ஆசிரியரிடம் நூலகச் சாவி கூடுதல் பொறுப்பாக வந்து சேர்கின்றது. அவரைக் குறை கூறுதல் தகாது. குறை, நூலகர் என்னும் பணியை ஒரு சாவியின் அளவுக்குச் சுருக்கிய நம் எண்ணத்தில் உள்ளது.

மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கணினி நிறுவனங்களின் நெடிய கட்டடங்களுக்கு நடுவே அமைந்த நாவலூர் போன்ற ஊர்களில், பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டால் ஆயிரம் விடைகள் வந்து விழுகின்றன. விடை கிடைப்பது இன்று அரிதன்று. தனக்குரிய விடை எது, நம்பத்தக்கது எது, அடுத்துப் படிக்க வேண்டியது எது என்று தேர்ந்து தருவாரே அரியர். ஆதலால் அரங்கநாதன் வரைந்து காட்டிய நூலகரின் தேவை குறைந்துவிடவில்லை, பெருகியிருக்கிறது.

இலக்கிய அன்பர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. கவிஞர்கள் தம் தொகுப்பு வெளிவந்ததும் பள்ளி நூலகங்களுக்குப் படிகளை அன்பளிப்பாக வழங்குவது வழக்கம். அவை வரவுப் பதிவேட்டில் எண் பெற்று, முத்திரை பெற்று, அலமாரியினுள் சென்று அடங்கிவிடுகின்றன. நூலோடு ஒரு மணி நேரத்தையும் சேர்த்து வழங்கினால் என்ன? திங்களுக்கு ஒருமுறை பள்ளிக்குச் சென்று, அலமாரியைத் திறந்து, பிள்ளைகளுக்கு ஒரு கவிதையைப் படித்துக் காட்டி, அந்நூலை அவர்கள் கையிலே கொடுத்துவிட்டு வரலாம். சீர்காழியில் தந்தையின் குரல் வழியே ஒரு பிள்ளையின் செவிக்கு எட்டிய நூலே, பின்னாளில் உலகம் போற்றும் நூலகவியலாக வளர்ந்தது. கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் ஒரு மாணவிக்கு உரிய கவிதை, இன்று எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதோ! அதனைத் தேடி எடுத்து அவளிடம் சேர்ப்பதே அரங்கநாதனுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.